பங்குனியில் பறவை பார்க்கப் போகலாமா? கோடியக்கரைப் பயணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும் நண்பர்கள் சிலரோடு கோடியக்கரைக்குப் போய், வடக்கே திரும்பத் தயாராகிக்கொண்டிருக்கும் வலசைப் பறவைகளை இரண்டு நாள் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். உடன் வருகிறவர்கள் மாறுகிறார்கள், ஆனால் அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். பறவைகளின் தமிழ்ப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுபவை. இங்கே உள்ளவை பறவை ஆர்வலர்களிடையே பரவலாகப் புழங்கும் பெயர்கள்.

பறவை சீசன் தை மாதத்தோடு முடிந்துவிட்டதே, பங்குனியில் போய் என்ன பார்ப்பது?

மார்கழி, தை மாதங்களில்தான் எண்ணிக்கை அதிகம் என்பது உண்மை. ஆனால் அப்போது பார்க்கும் கரைப்பறவைகளில் பெரும்பாலானவை சாம்பலும் பழுப்புமாக ஒரே மங்கல் நிறத்தில் இருக்கும். மாசிக் கடைசியிலிருந்து அவை இறகுகளை மாற்றிக்கொண்டு, கூடு கட்டப் போகும் ஊருக்கு உரிய நிறத்தை இங்கேயே பூணத் தொடங்கிவிடுகின்றன. வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறத்துக்கு மாறும். பொன்னிற உப்புக்கொத்தியின் வயிறு கரிபூசியதுபோல் கறுத்து, முதுகில் பொன்துகள் தெளித்ததுபோல் ஆகிவிடும். மஞ்சள் வாலாட்டியின் மார்பு எலுமிச்சை மஞ்சளாகும். இந்த நிறங்களை நம் நாட்டில் பார்க்கக் கிடைப்பது ஆண்டில் ஏறக்குறைய ஆறே வாரங்கள்தான், அதிலும் முழு நிறம் கூடி வரும் நேரத்தில் பறவை கிளம்பிவிடும்.

நிறம் மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டாம். தை மாதத்தில் ஓய்வாக நிற்கும் பறவை பங்குனியில் வேறு பறவையாகத் தெரியும். விடியலிலிருந்து அந்திவரை நிறுத்தாமல் இரை தேடும், ஒன்றையொன்று விரட்டும், கூட்டம் கூடும், திடீரென்று எழுந்து வட்டமடித்து இறங்கும். புறப்பாட்டின் பரபரப்பைக் கண்ணால் பார்க்க முடிகிற பருவம் இது ஒன்றே.

திரும்பிப் போவது எந்த மாதத்தில் தொடங்கி எப்போது முடிகிறது?

எல்லாம் ஒரே நாளில் போவதில்லை. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகு வாத்து போன்றவை மாசியிலேயே குறையத் தொடங்கி, மார்ச் மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். நீலவால் பஞ்சுருட்டானும் சூறைக்குருவியும் மார்ச், ஏப்ரலில் விடைபெறும். கரைப்பறவைகளில் வட துருவத்தை ஒட்டிய பனிவெளிக்குச் செல்பவை கடைசியில்தான் கிளம்பும். அங்கே ஜூன் தொடக்கத்தில்தான் பனி உருகும் என்பதால் முன்கூட்டிப் போய்ப் பயனில்லை. அவை ஏப்ரல் பிற்பகுதியிலும் மே முதல் வாரத்திலும்கூட நம் கரையில் இருக்கும்.

ஒரே பயணம்தான் முடியும் என்பவர்களுக்கு மார்ச் கடைசி வாரத்தையோ ஏப்ரல் முதல் பாதியையோ பரிந்துரைக்கிறேன். வாத்துகள் குறைந்திருக்கும், ஆனால் கரைப்பறவைகள் நிறம் கூடி நிற்கும். உலக வலசைப் பறவைகள் நாள் மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் கொண்டாடப்படுகிறது. அந்த நாளுக்காகக் காத்திருந்து தமிழகக் கரைக்கு வருகிறவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும்.

வெளிநாட்டுப் பறவைகள் நம் ஊருக்கு வந்துதானே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன?

இல்லை. இந்தத் தவறான கருத்து செய்தித்தாள்கள் வழியாகவே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. வேடந்தாங்கலில் மரம் நிறையக் கூடு கட்டும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா ஆகிய அனைத்தும் இந்த மண்ணின் பறவைகள். மழைக்கும் நீருக்கும் ஏற்பப் பக்கத்து மாவட்டங்களுக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் இடம் மாறுகின்றனவே தவிர, கண்டம் தாண்டி வருவதில்லை.

சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இங்கே வருபவை குளிர்காலத்தைக் கழிக்க வருபவை. அவை பிறந்ததும் அங்கே, பெற்றெடுப்பதும் அங்கே. ஆண்டில் ஏழெட்டு மாதங்களை நம் கரையில் கழிக்கும் ஒரு கொசு உள்ளானை வெளிநாட்டு விருந்தாளி என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போய்வரும் பெண்ணை யாரும் வெளியூர்க்காரி என்று சொல்வதில்லை.

இங்கே குளிரே இல்லை, தின்ன இரையும் இருக்கிறது. பிறகு எதற்காக உயிரைப் பணயம் வைத்துத் திரும்பிப் போக வேண்டும்?

தன் ஒரு வயிற்றுக்கு இரை கிடைப்பது வேறு, நான்கு குஞ்சுகளும் ஒரே நேரத்தில் வளரும் அளவுக்கு இரை கிடைப்பது வேறு. துருவப் பகுதியின் கோடையில் சூரியன் மறைவதே இல்லை. பனி உருகிய குட்டைகளில் கொசுக்களும் பூச்சிகளும் கூட்டம் கூட்டமாகப் பெருகுகின்றன. உள்ளான் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே தாமே நடந்து தாமே கொத்தித் தின்பவை என்பதால், இருபத்து நான்கு மணி நேர வெளிச்சமும் கால் வைக்கும் இடமெல்லாம் பூச்சியும் இருக்கும் நிலம் அவற்றுக்குப் பெரும் கொடை. இங்கேயோ சித்திரை வெயிலில் சதுப்பு வற்றி, சேறு வெடித்து, இருக்கிற இரையும் சுருங்கிவிடும்.

எப்போது கிளம்புவது என்பதை உடலுக்குள் இருக்கும் ஆண்டுக் கடிகாரமும் பகல்பொழுதின் நீளமும் சேர்ந்து சொல்கின்றன. வழியைச் சூரியன், விண்மீன்கள், புவியின் காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு அறிகின்றன.

எவ்வளவு தூரம் போகும்? ஒரே மூச்சில் போய்விடுமா?

கோடியக்கரை வட அகலாங்கு 10 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. வளைமூக்கு உள்ளான் கூடு கட்டும் இடங்களுள் ஒன்றான சைபீரியாவின் டைமிர் தீபகற்பம் 75 பாகையை ஒட்டி இருக்கிறது. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நேர் வடக்காகப் போனால்கூட 7,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். இதை ஒரே மூச்சில் கடப்பதில்லை. வழியில் ஏரிக்கரைகளிலும் சதுப்புகளிலும் இறங்கி இரை எடுத்து, மீண்டும் கிளம்பும். ஆனால் ஒவ்வொரு தாவலும் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும்.

கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்துகளின் கதை இன்னும் வியப்பானது. திபெத்திலும் மங்கோலியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் இவ்வினம் இமயத்தைத் தாண்டியாக வேண்டும். கருவி பொருத்திய வாத்து ஒன்று 7,000 மீட்டருக்கு மேல் பறந்தது பதிவாகியிருக்கிறது. ஆனாலும் அவை எப்போதும் உயரத்தில் பறப்பதில்லை, மலைச்சரிவை ஒட்டி ஏறி இறங்கி, காற்று அடர்த்தியாக இருக்கும் இரவிலும் விடியற்காலையிலும் கடப்பதையே விரும்புகின்றன.

முதல்முறை போகிறேன். ஏன் கோடியக்கரையையே சொல்கிறீர்கள்? எப்படி வருவது?

வங்காள விரிகுடாவை ஒட்டித் தெற்கே இறங்கும் சோழநாட்டுக் கடற்கரை, சட்டென்று மேற்கே திரும்பும் மூலைதான் கோடியக்கரை. இலங்கையிலிருந்து பாக் நீரிணையைத் தாண்டி வரும் பறவைகளுக்கு முதலில் தென்படும் தரைகளுள் ஒன்று இது. மூன்று வகை நிலம் இங்கே பக்கம் பக்கமாக இருக்கிறது: கடற்கரை, வேதாரண்யத்தின் பெரிய சதுப்பும் உப்பளங்களும், உலக்கைப்பாலை மரங்கள் நிறைந்த வறண்ட பசுமைமாறாக் காடு. 1967இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, சேர்க்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்துவரும் இடமும் இதுவே.

வேதாரண்யம் வரை பேருந்து உண்டு. அங்கிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிவரை 2023இல் அகலப்பாதை ரயில் மீண்டும் வந்துவிட்டது. சரணாலயத்துக்குள் செல்ல வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கோடையில் வனத்துறை சில பாதைகளை மூடுவதுண்டு என்பதால் கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. உப்பள வரப்புகளில் நடக்க அங்கே வேலை செய்பவர்களின் சம்மதம் தேவை. பங்குனி அவர்களுக்கு உப்பு வாரும் பருவம், பாத்திக்கும் அம்பாரத்துக்கும் நடுவே நாம் இடைஞ்சலாக நிற்கக் கூடாது.

காலை ஒன்பது மணிக்கு அங்கே இருந்தால் போதாதா?

போதாது. ஒன்பது மணிக்கு வரப்பின்மேல் கானல் எழுந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பைனாகுலராக இருந்தாலும், நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவை தண்ணீருக்குள் நெளிவதுபோல் தெரியும். விடியும்போது சதுப்பின் ஓரத்தில் இருக்க வேண்டும். ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். எட்டரை மணிக்கு நிழலுக்குத் திரும்பி, மறுபடியும் மாலை நான்கு மணிக்குப் போனால் அந்தி வரை பார்க்கலாம். நடுப்பகலைத் தூங்கிக் கழிப்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நில்லுங்கள். காலையில் கிழக்கு வரப்பிலிருந்து மேற்கு நோக்கியும், மாலையில் அதற்கு எதிராகவும் பார்த்தால்தான் மேலே சொன்ன நிறங்கள் தெரியும். இதைக் கவனிக்காமல் சூரியனை எதிர்கொண்டு நின்று, எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கின்றன என்று வருந்திய பலரை அறிவேன்.

என்னென்ன கொண்டுவர வேண்டும்? என்னிடம் பெரிய கேமரா இல்லை.

கேமரா தேவையில்லை. 8×42 அளவுள்ள பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் பெரிதாகக் காட்டினாலும் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். முக்காலியில் நிறுத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப் குழுவுக்கு ஒன்று இருந்தால் சிறப்பு.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அகன்ற தொப்பி, மண்நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ முழுக்கைச் சட்டை, சேற்றில் கழன்றுவிடாத காலணி, ஒரு குறிப்பேடு. பென்சில் கொண்டுவாருங்கள், வியர்வை பட்டால் பேனா மை கலைந்துவிடும்.

எல்லா உள்ளானும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகிறது. எப்படித்தான் பிரித்துச் சொல்கிறீர்கள்?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. இறகின் நிறத்திலிருந்து தொடங்குவதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. பறவை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை ஐந்து நிமிடம் பாருங்கள். நாலடி ஓடி, சட்டென நின்று, ஒரே ஒரு கொத்து கொத்திவிட்டு, மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்தி. அதன் கண் பெரிது, மூக்கு குட்டை, கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் பறவை அது. குனிந்த தலை நிமிராமல், தையல் இயந்திரத்தின் ஊசிபோல் சேற்றில் மூக்கை விட்டு விட்டு எடுத்தால் அது உள்ளான் வகை. மூக்கின் நுனியால் தடவி இரை அறியும் பறவைக்கு நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவை குறைவு.

அதன் பிறகு மூக்கையும் காலையும் பாருங்கள். சிட்டுக்குருவி அளவில், கறுத்த காலோடு, சேற்றின் மேற்பரப்பைப் பரபரவென்று கொத்திக்கொண்டு போவது கொசு உள்ளான். அதைவிடச் சற்றுப் பெரியதாக, வயிறு நனையும் தண்ணீரில் நின்று, கீழ்நோக்கி வளைந்த நீண்ட மூக்கால் துழாவுவது வளைமூக்கு உள்ளான். ஆரஞ்சு கலந்த சிவப்புக் கால்களும், பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் பளிச்சென்ற வெள்ளையும் தெரிந்தால் பவளக்காலி. நீங்கள் வருவதை முதலில் கண்டு கத்தி, சதுப்பு முழுவதையும் எச்சரிக்கும் காவல்காரனும் அதுவே. சிப்பியையும் கூழாங்கல்லையும் மூக்கால் புரட்டிப் பார்த்தால் கல்திருப்பி உள்ளான், பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது.

ஒரு நாளில் ஐந்து இனங்களைத் தெளிவாக அறிந்துகொண்டால் போதும். முப்பது பெயர்களை எழுதிக்கொண்டு வீடு போய், எது எதுவென்று மறந்துவிடுவதால் என்ன பயன்?

ஒரே கூட்டத்தில் ஒன்று சிவப்பாக, ஒன்று சாம்பலாக, ஒன்று திட்டுத்திட்டாக இருந்தது. மூன்றும் வேறு வேறு இனமா?

அநேகமாக ஒரே இனம்தான். முதல் பதிலில் சொன்ன இறகு மாற்றம் எல்லாப் பறவையிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. வளைமூக்கு உள்ளானில் ஆணின் சிவப்பு பெண்ணினுடையதைவிட ஆழமாக இருக்கும். சென்ற ஆண்டு பிறந்த இளம் பறவை இந்த ஆண்டு நிறம் மாறாமலேயே இருந்துவிடலாம். ஆகவே பங்குனியில் நிறத்தைவிட மூக்கும் காலும் நடையுமே நம்பத்தக்க சான்றுகள்.

கொஞ்சம் கிட்டே போய்ப் படம் எடுத்தால் என்ன குறைந்துவிடும்? பறந்தாலும் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறதே!

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் தொகுப்பையே எழுதத் தொடங்கினேன். நீள்பயணத்துக்கு முன் கரைப்பறவை தன் உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது. சில இனங்கள் மெலிந்த எடையில் பாதி அளவுக்கும், அதற்கு மேலும் சேர்த்துக்கொள்கின்றன. ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள பறவை அந்த அளவுக்குக் கனக்க வேண்டுமானால், சில வாரங்களுக்கு நாள் முழுவதும் தின்றுகொண்டே இருக்க வேண்டும். வழியில் எரிபொருள் அதுதான். சில இனங்களில் கிளம்பும் நேரத்தில் இரைப்பையும் குடலும் சுருங்கி, பறக்கும் தசை பெருக்கிறது. தேவையற்ற சுமையைக் குறைத்துக்கொண்டு போகும் உடல் அது.

ஒருமுறை நாம் கிட்டே போய் அதை எழுப்பினால், பறந்ததில் செலவான சக்தியும் போயிற்று, திரும்பி இறங்கி அச்சம் தணியும்வரை தின்னாமல் நின்ற நேரமும் போயிற்று. ஒரு குழு காலையில் மூன்று முறை, அடுத்த குழு மாலையில் நான்கு முறை, விடுமுறை நாளில் பத்துக் குழுக்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். கோடியக்கரையில் அந்தக் குறை தெரியாது. எங்கோ வழியில் சேர்த்த கொழுப்பு தீர்ந்துபோகும்போதும், மெலிந்த உடலோடு தாமதமாகப் போய்ச் சேர்ந்து அவ்வாண்டு முட்டையிட முடியாமல் போகும்போதும்தான் அது வெளிப்படும், அதைப் பார்க்க நாம் அங்கே இருக்க மாட்டோம்.

என் குழுவில் ஒருமுறை ஒருவர் படத்துக்காகப் பாத்திக்குள் இறங்கி ஓடினார். ஏறக்குறைய இருநூறு பறவைகள் எழுந்தன. அன்று மாலைவரை அவை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் விதி இது: இரை தின்னும் பறவை தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள், மீண்டும் குனிந்து தின்னத் தொடங்கினால் மட்டும் இருங்கள், இல்லையென்றால் பின்வாங்குங்கள். வரப்பில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் பறவையே நடந்து பக்கத்தில் வரும். ட்ரோன் பறக்கவிடுவதையும், குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

பறவைகள் வலசை கிளம்புவதை நேரிலேயே பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். பெரும்பாலான கரைப்பறவைகள் பிற்பகலின் முடிவில் தொடங்கி இருட்டும்வரைக்குள் கிளம்புகின்றன. வாடைக் காற்றில் எதிர்த்துப் போவதைவிட, பங்குனி, சித்திரையில் தெற்கிலிருந்து எழும் சோழகக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போவது அவற்றுக்கு எளிது. ஆகவே காற்று திரும்பிய மாலைகளில் தவறாமல் போய் உட்காருங்கள்.

ஒரு சித்திரை மாலை கண்டதைச் சொல்கிறேன். ஐந்தரை மணியளவில் நாற்பது வளைமூக்கு உள்ளான்கள் இரை தேடுவதை நிறுத்திவிட்டு, பாத்தியின் ஆழமில்லாத ஓரத்தில் குளிக்கத் தொடங்கின. குளித்து, இறகைக் கோதி, காற்றுக்கு முகம் கொடுத்து வரிசையாக நின்றன. அதுவரை கேட்காத ஒரு மெல்லிய, இடைவிடாத பேச்சுக் குரல் கூட்டத்திலிருந்து எழுந்தது. பத்துப் பன்னிரண்டு பறவைகள் எழுந்து, வட்டமிட்டு, மறுபடி இறங்கின. இப்படி மூன்று முறை. நான்காம் முறை கூட்டம் முழுவதும் எழுந்தது. நாங்கள் எச்சரிக்கை எழுச்சி என்றே நினைத்தோம், ஆனால் அது இறங்கவில்லை. வட்டம் பெரிதாகிக்கொண்டே போய், உயர உயர ஒழுங்கற்ற கூட்டம் நெளியும் கோடாக நீண்டது. அந்தக் கோட்டிலிருந்து இரண்டு பறவைகள் மட்டும் பிரிந்து, வேகமாகக் கீழிறங்கி, கிளம்பிய அதே பாத்தியில் வந்து நின்று உடனே கொத்தத் தொடங்கின. அவற்றுக்கு இன்னும் எடை சேரவில்லை போலும். மற்றவை வடக்கே போய்விட்டன. அப்போதும் கண்ணைப் பைனாகுலரிலிருந்து எடுக்காமல், கோடு புள்ளியாகிப் புள்ளியும் மறையும்வரை நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

காட்டுக்குள்ளும் போக வேண்டுமா, சதுப்பு மட்டும் போதுமா?

கட்டாயம் போங்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்த ஆறுமணிக்குருவி, மத்திய இந்தியாவுக்கும் இமய அடிவாரத்துக்கும் திரும்பும் வழியில் இந்தக் காட்டில் தங்கிச் செல்கிறது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒட்டிக் கூவுவதால் வந்த பெயர். பச்சை, நீலம், செம்மை, மஞ்சள் என்று அத்தனை நிறம் இருந்தும், சருகுக்குள் நின்றால் பத்தடி தூரத்தில்கூடக் கண்ணில் படாது. சருகு புரளும் ஓசை கேட்டால் நடையை நிறுத்துங்கள். செந்தலைப் பூங்குருவி, பழுப்புக் கீச்சான், அரசவால் ஈபிடிப்பான் ஆகியவற்றையும் காணலாம். வெளிமான்களை வெட்டவெளிப் புல்லில் பார்க்கலாம்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைப் பார்த்தால் யாரிடம் சொல்வது?

உலோக வளையத்தில் எண்ணும், அறிவிக்க வேண்டிய நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் இடப்பட்டவற்றில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பெயர் இருக்கும், அவர்களுக்கே எழுதலாம். உயிருள்ள பறவையைப் பிடிக்க முயலக் கூடாது. தூரத்திலிருந்து தெரிவது பெரும்பாலும் வண்ணக் கொடிகள்தான். எந்த நிறம் மேலே, எந்த நிறம் கீழே, வலக்காலா இடக்காலா, கொடியில் எழுத்து உண்டா என்பவற்றை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். நிறங்களின் வரிசைதான் எந்த நாட்டில், எந்த இடத்தில் இடப்பட்டது என்பதைக் காட்டும், மாற்றி எழுதினால் பறவை வேறு நாட்டுக்குப் போய்விடும்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

தாராளமாக. மாலைப் பொழுதுக்கு மட்டும் அழைத்து வாருங்கள், பூநாரைகளை முதலில் காட்டுங்கள். அவை பெரியவை, நகர்ந்து ஓடாதவை, ஸ்கோப்பில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் உடனே தெரிபவை. உள்ளான்களை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறம். இதெல்லாம் எங்கட பக்கமும் தெரியுமோ?

நன்றாகவே தெரியும். பாக் நீரிணையின் இரு கரைகளும் இந்தப் பறவைகளுக்கு ஒரே பாதையின் இரு படிகள். மன்னாரும், 2010இல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலையும் இப்பருவத்தில் போக வேண்டிய இடங்கள். பகல் நேரம், தூரம், நடத்தை குறித்து மேலே சொன்ன அனைத்தும் அங்கும் பொருந்தும்.

கோடியக்கரைவரை வர வசதியில்லை. வீட்டு மாடியிலிருந்து ஏதாவது தெரியுமா?

மின்கம்பிகளில் தகைவிலான்கள் நெருக்கி அமர்வதைப் பாருங்கள். மார்ச் மாதத்தில் அந்திக்கு முன் சூறைக்குருவிகள் கூட்டமாகத் தங்கிடம் தேடிப் பறப்பதைப் பல ஊர்களில் காணலாம். சென்னையில் பள்ளிக்கரணை, விழுப்புரம் மாவட்டத்தில் கழுவேலி, குமரியில் சுசீந்திரம் தேரூர்க் குளங்கள் ஆகியவையும் நல்ல இடங்கள். உங்கள் ஊர்ச் சாக்கடை நீர் தேங்கும் வயலிலேயே ஒரு பொரி உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கக்கூடும்.

ஜூன் மாதத்தில் போனபோதும் உள்ளான்கள் இருந்தனவே. போக மறந்துவிட்டனவா, அடிபட்டவையா?

சில அடிபட்டவையாக இருக்கலாம், பெரும்பாலானவை இளம் பறவைகள். பல கரைப்பறவை இனங்கள் முதல் ஆண்டில் இனப்பெருக்கம் செய்வதில்லை. முட்டையிடப் போகாத பறவை ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து என்ன செய்யப் போகிறது? ஆகவே அவை நம் கரையிலேயே கோடையைக் கழித்துவிடுகின்றன. நிறம் மாறாத சாம்பல் பறவைகள் என்று முன்பு சொன்னேனே, அவற்றுள் பலவும் இவையே. நமது ஈரநிலங்கள் ஐப்பசி முதல் பங்குனிவரை மட்டும் காக்கப்பட்டால் போதாது என்பதற்கு இவை கண்கூடான சான்று. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் பழைய நிறம் மங்கிய முதிர்ந்த பறவைகளைக் கண்டால், அவை வேலை முடித்து அதற்குள் திரும்பி வந்தவை.

எண்ணிக்கை உண்மையிலேயே குறைகிறதா, அல்லது எல்லாவற்றுக்கும் இப்படித்தான் சொல்கிறார்களா?

குறைகிறது. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது, வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் அழிவாய்ப்பு உள்ள இனங்களாக உயர்த்தியது. இரண்டும் நம் கரையில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் பறவைகள். கரண்டிமூக்கு உள்ளான் 1980களில் கோடியக்கரையில் பதிவான பறவை. இன்று உலகிலேயே மிக அருகிவிட்ட பறவைகளுள் அது ஒன்று. பாதையின் ஏதோ ஓர் ஈரநிலம் அழிந்தால் பாதை முழுவதும் பாதிக்கப்படுகிறது. அந்தப் பாதையில் நம் பொறுப்பில் இருப்பது இந்தக் கரை.

பார்த்ததை எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலால் யாருக்கு என்ன பயன்?

பறவை பார்ப்போர் தம் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் இடம், நாள், நேரம், எண்ணிக்கையோடு பதிவேற்றுங்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பால் தை மாதத் தரவு நிறையச் சேர்கிறது. ஏப்ரல், மே மாதங்களுக்கோ பதிவுகள் குறைவு, ஆகவே உங்கள் ஒரு பட்டியலுக்கும் மதிப்பு உண்டு.

இன்னொன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பறவை வந்த முதல் நாளை எல்லோரும் மகிழ்ச்சியோடு குறிக்கிறோம், போன கடைசி நாளைக் குறிப்பவர் அரிது. ஏனெனில் கடைசி நாள் கடைசி நாள் என்று அன்று தெரியாது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அதே குளத்துக்குப் போய், இல்லை என்று உறுதிசெய்தால்தான் தெரியும். உங்கள் வீட்டருகே ஒரு குளம் இருந்தால் சித்திரை முழுவதும் நாளுக்குப் பத்து நிமிடம் அங்கே நின்று, ஒன்றும் இல்லாத நாளிலும் பட்டியலில் மற்ற பறவைகளை எழுதிப் பதிவேற்றுங்கள்.